ஊளைச் சத்தம்

தம்பியின் ஹைஏஸ் வேன்தான் எங்கள் இரண்டு வீட்டு அடுப்புக்கும் விறகு. காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பின்னேரம் சந்தைச் சாமான்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு வேறு வண்டி பற்றிய நினைப்பையே விட்டிருந்தோம். 2023இல் அதன் பின் டிபரன்ஷல் பல்லுடைந்து நின்றது. விடைத்தாள் திருத்தக் கொழும்பு போயிருந்த நான் பஞ்சிகாவத்தையில் பாவித்த டிபரன்ஷல் ஒன்றை வாங்கிக் கல்முனை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன்.

பூட்டிய அன்றே சத்தம் தொடங்கியது. நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் மெல்லிய ஊளை. அறுபதில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் காக்கா” என்றான் தம்பி.

நானும் நம்பினேன். தேநீர்க்கடையிலும் ஆசிரியர் அறையிலும் அந்தக் கடையின் பெயரைச் சொல்லியே ஏசினேன். எழுதுகிறவன் வாய் சும்மா இருக்குமா? உவமைகளோடு ஏசினேன்.

கடைசியில் சாய்ந்தமருதில், தொழிலை விட்டு வீட்டோடிருந்த ஒரு பழைய மெக்கானிக்கைத் தேடிப் போனோம். அவர் சாவி எதையும் எடுக்கவில்லை.

“ஏறுங்க தம்பி, ஓடிப் பார்ப்பம். ஏசுறத்துக்கு முன்ன வண்டி என்ன சொல்லுதெண்டு கேட்கவேணும்.”

காபட் வீதியிலிருந்து கிறவல் வீதிக்கு இறக்கச் சொன்னார். டயர்ச் சத்தமென்றால் தரையோடு மாறும், மாறவில்லை. அறுபதில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னார். எஞ்சின் சத்தம் இறங்கியது, ஊளை இறங்கவில்லை. வலமும் இடமுமாக வளைத்தோம். சில்லுப் பெயாரிங்கென்றால் பாரம் சாயும்போது சத்தம் கூடிக் குறையும், அதுவும் இல்லை. பல் பொருத்தம் பிசகியிருந்தால் பெரும்பாலும் அக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதோ விடும்போதோ ஒன்றில்தான் கூடிக் கேட்குமாம். இது இரண்டிலும் ஒரேமாதிரி அழுதது.

வண்டியை நிறுத்தி, டிபரன்ஷலின் மூக்குப் பக்கம் தண்ணீர் தெளித்தார். சுர்ரென்று ஆவியானது.

மறுநாள் கழற்றினார்கள். கிறவுண் பற்களில் நீல மை பூசிக் கையால் சுற்றினார். பினியன் பல் பதிந்த தடம் நட்ட நடுவில் விழுந்திருந்தது. பற்களுக்கிடையிலான இடைவெளியும் 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர் என்ற அளவுக்குள் இருந்தது.

“பல்லு சுத்தம். வித்தவன் நல்ல சாமான்தான் தந்திருக்கான்.”

பினியனைத் தனியாகச் சுற்றிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கை வலிக்க இறுகிக் கிடந்தது. பெயாரிங் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பினியனின் இரண்டு பெயாரிங்குகளுக்கும் இடையில் மெல்லிய இரும்புக் குழாயொன்று இருக்கிறது. நட்டை இறுக்கும்போது அது நசுங்கிக் கொடுத்து, பெயாரிங்குகளுக்கு வேண்டிய அளவு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அளவு மீறி நசுங்கினால் நட்டைத் தளர்த்திப் பயனில்லை. புதுக் குழாய்தான் போடவேண்டும்.

“பூட்ட முந்தி இந்த நட்டில யாரும் கைவச்சீங்களா?”

தம்பி தலைகுனிந்தான். எண்ணெய் கசிவதுபோலிருந்ததால் கராஜில் சீலை மாற்றி, நட்டை முழுப்பலத்தோடு இறுக்கியிருந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாமானைக் கட்டித் தரும்போது கடைக்காரர் சொல்லியிருந்தார்: “முன் சீலில் கைவைக்க வேண்டாம். கசிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.” பஸ் பிடிக்கும் அவசரத்தில் அந்த ஒரு வரியை நான் ஊருக்குச் சொல்ல மறந்திருந்தேன்.

புதுப் பெயாரிங்குகளும் குழாயும் வந்தன. முதியவர் நட்டைக் கொஞ்சங் கொஞ்சமாக இறுக்கினார். ஒவ்வொரு தடவையும் பினியன் பிளேன்ஜில் நூல் சுற்றி, ஸ்பிரிங் தராசால் இழுத்து, எவ்வளவு பாரத்தில் சுழல்கிறதென்று அளந்தார். மேசையிலிருந்த அந்தத் தராசை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

வேன் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் ஏசியது எதுவும் அவருக்குத் தெரியாது. “வண்டி நல்லா ஓடுதா சேர்?” என்று அவர்தான் முதலில் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லி மாப்புக் கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “பரவாயில்லை” என்றார்.

அன்று பின்னேரமே தேநீர்க்கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். முன்பு என் ஏச்சைக் கேட்டவர்களில் பாதிப்பேர் அங்கே இருக்கவில்லை. அவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.