நாற்பது பேரில் ஒருவர்

பேச்சைப் பற்றி நம் குழந்தைகள் கற்கும் முதற்பாடம் கரும்பலகையின் ஓரத்தில் இருக்கிறது. ஆசிரியர் வெளியே சென்றதும் வகுப்புத் தலைவன் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டுப் பெயர்களை எழுதுகிறான். ஆசிரியர் திரும்பி வந்ததும் தண்டனை. வீட்டிலோ, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. பெண் குழந்தை என்றால் 'வாயாடி' என்ற பட்டமும் உண்டு.

இன்னொரு புறம் பேச்சுப்போட்டி. தலைவர்களின் பிறந்தநாளையொட்டி அரசின் தமிழ் வளர்ச்சித் துறையே மாணவர்களுக்குப் போட்டிகள் நடத்திப் பரிசளிக்கிறது. நல்ல செயல்தான். ஆனால் பள்ளிக்குள் நடப்பது என்ன? நாற்பது பேரில் கணீரென்ற குரல் உள்ள ஒரு குழந்தை தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆசிரியரோ தாயோ எழுதிய உரையை அது மனப்பாடம் செய்கிறது. எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும் என்பது உட்பட. இடையில் ஒரு வரி மறந்தால் உரை முழுவதும் சரிந்துவிடும், ஏனெனில் அந்தச் சொற்கள் அதனுடையவை அல்ல. எஞ்சிய முப்பத்தொன்பது பேருக்குக் கை தட்டுவதே பயிற்சி.

அந்த முப்பத்தொன்பது பேரைத்தான் நான் கல்லூரியில் சந்திக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவி ஒருத்தி தன் ஊர்த் தாலாட்டுப் பாடல்களைத் தொகுத்து ஆய்வேடு அளித்தாள். பாட்டிமார்களின் பக்கத்தில் அமர்ந்து கேட்டு எழுதிய, செம்மையான உழைப்பு. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்டது எளிய வினா: "இவற்றை ஏன் தொகுக்க நினைத்தாய்?" அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்களில் நீர் திரண்டது. விடை அவளிடம் இருந்தது, அதை நான் அறிவேன். எழுந்து நின்று சொல்லும்படி பள்ளி வாழ்வில் எவரும் அவளைக் கேட்டதில்லை என்பதைப் பிறகு அவளே சொன்னாள்.

வள்ளுவர் இதில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார். 'கேள்வி' 42ஆம் அதிகாரம், 'சொல்வன்மை' 65ஆம் அதிகாரம், 'அவையறிதல்' 72, அதன் பின்னரே 'அவையஞ்சாமை' 73. முதலில் கேட்கவும், பிறகு சொல்லவும், பிறகு எதிரே இருப்போரை அறியவும் கற்றவனுக்கு அச்சம் தானே விலகும் என்று இவ்வைப்புமுறையை நான் வாசிக்கிறேன். நாமோ கடைசி அதிகாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் ஒரே ஒரு குழந்தைக்குக் கற்பிக்கிறோம்.

2018 முதல் வந்த தமிழ்ப் பாடநூல்களில், தலைப்புக் கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்லும் பயிற்சிகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலோ தமிழ்த்தாளின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே. தேர்வில் வராத பகுதியை வகுப்பு தாண்டிச் சென்றுவிடுகிறது.

நேரமில்லை என்பார்கள். கணக்குப் பார்ப்போம். நாள்தோறும் நால்வர், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் எட்டு நிமிடம். பத்து வேலை நாள்களில் நாற்பது பேரும் ஒருமுறை பேசிவிடலாம். 200 நாள்களில் ஒவ்வொருவருக்கும் இருபது வாய்ப்பு. பன்னிரண்டு ஆண்டுகளில் 240.

தொடக்க வகுப்புகளில் குழந்தை தன் வீட்டு வழக்கிலேயே கதை சொல்லட்டும். இடைமறித்து உச்சரிப்பைத் திருத்த வேண்டாம். ஆறு முதல் எட்டு வரை கண்டதை விளக்கட்டும்: களத்துமேட்டில் நெல் தூற்றுவதை, பேருந்து நிலையத்தில் பூக்கட்டுவதை. கேட்பவர்கள் ஆளுக்கொரு வினா எழுப்பட்டும். ஒன்பது, பத்தில் ஒரே பொருளை ஒருநாள் ஆதரித்தும் மறுநாள் மறுத்தும் பேசட்டும். பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது; அது பண்டிகை நாள் தொலைக்காட்சிக்கு மட்டும் உரியதன்று. மேல்நிலை வகுப்புகளில் சிறு குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசி, அவையின் வினாக்களுக்கு விடை கூறட்டும். இவற்றுள் எதற்கும் பரிசு வேண்டியதில்லை.

எல்லோரையும் மேடைப் பேச்சாளர்கள் ஆக்குவது என் நோக்கமன்று. 2022 முதல் தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பேச எவருக்கும் உரிமை உண்டு. ஆயினும் நான் பார்த்த கூட்டங்களில் பேசியவர்கள் எப்போதும் அதே மூன்று நான்கு பேர்தான். மற்றவர்கள் கையெழுத்திட்டுவிட்டு, வெளியே மரத்தடியில் நின்று குடிநீர்க் குழாயைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே மிகத் தெளிவாகப் பேசினார்கள்.