ஹான்லேயில் ஒரு தீபாவளி

"ஊரே விளக்கேத்துற அன்னிக்கு இவரு இருட்டைத் தேடி லடாக் போறாராம்" என்று வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. நான் என்ன செய்ய? நட்சத்திரம் பார்க்கிறவனுக்கு அமாவாசைதான் நல்ல நாள். 2025 தீபாவளியும் அமாவாசையும் அக்டோபர் 20 அன்று சேர்ந்தே வந்தன.

எனக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காவலூர் வானாய்வகத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். ஜவ்வாது மலை மேல் மேகம் கவிழ்ந்து கிடந்தது. மூடிய கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்று திரும்பினோம். காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர்தான், மேகத்தின் தொல்லை இல்லாத இடம் தேடி ஹான்லே வரை போனவர்கள்.

லேயில் இரண்டு நாள் உடம்பைப் பழக்கிக்கொண்டு, சிந்து நதியை ஒட்டியே ஒரு பகல் முழுக்க வண்டிப் பயணம். நியோமா தாண்டிய பிறகு மரம் என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை. பருவமழை மேகங்களை இமயமலை தெற்கிலேயே நிறுத்திவிடுவதால் இது குளிர்ப் பாலைவனம். காற்றில் ஈரம் இல்லை, தூசி குறைவு. வருடத்தில் ஏறத்தாழ 260 இரவுகள் ஆய்வுக்கு உதவும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தலைவலி மட்டும் லேயிலிருந்தே கூட வந்தது.

மறுநாள் காலை சரஸ்வதி மலை உச்சிக்குப் போனோம். உயரம் 4,500 மீட்டர். வண்டியிலிருந்து இறங்கிப் பத்துப் படி ஏறுவதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது. 2 மீட்டர் ஆடியுள்ள சந்திரா தொலைநோக்கி அங்கே இருக்கிறது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான். இரவெல்லாம் யாரோ ஒரு விஞ்ஞானி இங்கே கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். அப்படி யாரும் உட்காருவதில்லையாம். இதைத் திருப்புவதும் படம் எடுப்பதும் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக, பெங்களூரு பக்கத்து ஹொசகோட்டேயிலிருந்து. சென்னைக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் போக்குவரத்து நெரிசலில் நான் சபித்துக்கொண்டு கடக்கும் அதே ஹொசகோட்டே! சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சு இல்லை.

கீழே சமவெளியில் 21 மீட்டர் அகலத்தில் மேஸ் என்ற காமா கதிர்த் தொலைநோக்கி, கண்ணாடிப் பலகைகளை அடுக்கிய ராட்சத வாணலிபோல நிற்கிறது. விண்ணிலிருந்து வரும் காமா கதிர் காற்றில் மோதும்போது நீல வெளிச்சம் ஒன்று கண நேரம் மின்னி மறையுமாம். அதைப் பிடிக்கத்தான் இவ்வளவு பெரிய பாத்திரம்.

ஆனால் ஹான்லேயின் உண்மையான கருவி, நான் தங்கிய வீட்டு ஜன்னலில் தொங்கியது. கருப்புத் திரை, இரண்டு மடிப்பு, ஓரங்களைச் சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். 2022-இல் இந்த வட்டாரத்தை இருள்வானக் காப்பகமாக அறிவித்ததிலிருந்து வீட்டு வெளிச்சம் வெளியே கசியக் கூடாது, வண்டி விளக்கைத் தாழ்த்தித்தான் ஓட்ட வேண்டும். ஊர்க்காரர்களுக்கே பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவள் கல்லூரி வயதுப் பெண். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி வைத்திருந்தாள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், அதுவரை போனைத் தொடக் கூடாது என்று இந்தியில் கண்டிப்பாகச் சொன்னாள்.

ஏழரை மணிக்குப் பால்வீதி தலைக்கு மேலே பாலமாகக் கிடந்தது. கிழக்கே கார்த்திகை எழும்பியது. நம் ஊரில் ஆறை எண்ணவே திணறுவோம். இங்கே எட்டு வரை எண்ணினேன். ஆந்திரோமீடாவை வெறும் கண்ணால் காட்டினாள்: பஞ்சை விரலால் தேய்த்து ஒட்டியதுபோல ஒரு கறை. கிளம்பி 25 லட்சம் வருடமான வெளிச்சம். அடுத்து அவளுடைய எட்டு அங்குலத் தொலைநோக்கியில் சனி. வளையத்தை எதிர்பார்த்துக் குனிந்தால், பந்தில் ஊசி குத்தியதுபோல ஒரு கோடு! ஏறக்குறைய பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை வளையம் நமக்கு விளிம்பைக் காட்டும் காலம் வருமாம். ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. இன்னும் உற்றுப் பார்க்கலாம் என்று நெருங்கினால் என் மூச்சுக் காற்றே லென்ஸில் பனியாகப் படிந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் துணியால் துடைத்தாள். அன்று மாலை முழுக்க அதே வேலைதான் அவளுக்கு.

அப்போது மேட்டின் மேல் ஒரு சுற்றுலா வண்டி திரும்பியது, முகப்பு விளக்கு முழு வெளிச்சத்தில். எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டோம். அவள் கையை ஆட்டிக்கொண்டு அதை நோக்கி ஓடினாள். விளக்கு அணைந்தது. எங்களுக்குப் பாதி வானம் போய்விட்டது. முதலிலிருந்து அரை மணி நேரம் காத்திருந்தோம்.

பத்து மணிக்கு மேல் சமையலறையில் அடுப்போரம் உட்கார்ந்து, உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டேன். பின்னணியில் சரவெடிச் சத்தம்.

"சாப்பிட்டீங்களா? நல்ல நாளும் அதுவுமா அங்க ஒரு விளக்காவது ஏத்தி வெச்சீங்களா?" என்றாள் மனைவி.

"ஏத்தினா அடிப்பாங்க" என்றேன்.