பட்டியல் ஒரு கடை, குடோன் இன்னொரு கடை

பி.காம் படிக்கிறவனுக்கு கம்பைலர் எதற்கு என்று விடுதியில் கேலி செய்தார்கள். அவனுக்குக் காரணம் இருந்தது. 2003-ல் துபாயிலிருந்து மாமா அம்மாவுக்கு எழுதிய மெயில்கள் ஒரு பழைய சிடியில் திஸ்கி எழுத்தில் கிடந்தன. மாமா இப்போது இல்லை. அந்த மெயில்களைப் பிரித்து யூனிகோடாக்கும் சின்ன நிரல் ஒன்று மூலநிரலாகக் கிடைத்தது. 'மேக்' என்று தட்டினால் முடிந்தது வேலை.

முடியவில்லை. எல்லாம் ஓடி, கடைசியில் "லிப்ஐகான்வ்_ஓப்பன்" என்பதைக் காணோம் என்று நின்றுவிட்டது. நிரல் முழுக்கத் தேடினால் அப்படி ஒரு பெயரே இல்லை. எழுதியிருப்பது வெறும் "ஐகான்வ்_ஓப்பன்". முன்னால் 'லிப்' சேர்த்தது யார்?

வணிகவியல் பாஷையில் சொன்னால் சுலபம். ஹெட்டர் கோப்பு என்பது கடையின் விலைப்பட்டியல். நூலகம் என்பது குடோன். கம்பைலர் பட்டியலைப் பார்த்து ஆர்டர் எழுதுகிறது. லிங்கர் ஆர்டரோடு குடோனுக்குப் போகிறது. ஒரு கடைப் பட்டியலைப் பார்த்து எழுதிய ஆர்டரை இன்னொரு கடைக் குடோனில் நீட்டினால் சரக்கு எப்படிக் கிடைக்கும்?

லினக்ஸில் எழுத்துக் குறியாக்கம் மாற்றும் ஐகான்வ், ஜிலிப்சியிலேயே இருக்கிறது; திஸ்கியும் அதற்குத் தெரியும். போன மாதம் வேறெதற்கோ அவன் தனி லிப்ஐகான்வையும் 'யூஎஸ்ஆர் லோக்கலில்' நிறுவியிருந்தான். இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருக்க, அதன் ஹெட்டர் எல்லாப் பெயருக்கும் முன்னால் 'லிப்' ஒட்டிவிடும். ஜிசிசியோ, 'யூஎஸ்ஆர் இன்க்ளூடுக்கு' முன்பே 'யூஎஸ்ஆர் லோக்கல் இன்க்ளூடை'ப் பார்க்கும். அதனால் பட்டியல் புதுக்கடை, குடோன் பழைய கடை.

ஆத்திரத்தில் ஒரு ஹெட்டரை எடுத்து இன்னொன்றின் மேல் எழுதப் போனான். நல்லவேளை, கை நின்றது. அப்படிச் செய்திருந்தால் அதன்பின் கட்டும் நிரலெல்லாம் தடுமாறியிருக்கும். அதற்குப் பதில் ஜிசிசிக்குப் பெரிய 'ஹெச்' கொடியைக் கொடுத்து ஓட்டினான். எந்த ஹெட்டர் எந்த அடைவிலிருந்து வருகிறது என்று வரிசையாகச் சொல்லிவிட்டது. குற்றவாளி தெரிந்தது.

வழி இரண்டு. லிங்கரிடம் 'லிப்ஐகான்வையும் சேர்' என்று சொல்லலாம். அல்லது அதை எடுத்துவிடலாம். தான் நிறுவியவற்றில் எதற்கும் அது தேவையில்லை என்று 'எல்டிடி' வைத்துப் பார்த்துவிட்டு, 'மேக் அன்இன்ஸ்டால்' கொடுத்தான். திரும்ப மேக். அதே பிழை! பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளில் பழைய ஆர்டர் அப்படியே இருந்தது. 'மேக் கிளீன்' கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

அன்றிலிருந்து மூலநிரலில் எதைக் கட்டினாலும் 'பிரிஃபிக்ஸ்' கொடுத்துத் தனி அடைவில்தான் வைக்கிறான். வேண்டாமென்றால் அந்த அடைவை அழித்தால் போதும்.

ராத்திரி 2 மணிக்கு முதல் மெயில் திறந்தது. "அக்கா, சாப்பாடெல்லாம் பரவாயில்லை" என்று ஆரம்பித்திருந்தது. விடியட்டும் என்று காத்திருந்து அம்மாவுக்கு போன் செய்தான்.