மயக்கம் தெளியும் வேளை

கிடர்பூரில் வாழும் தமிழர்களாகிய நமக்குக் குளிர் என்பது மார்கழியில் வந்து மாசியில் விடைபெறும் விருந்தாளி. சித்திரை வெயிலிலும் அது ஒரு குழந்தையின் உடலுக்குள் புகக்கூடும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்நகருக்கும் மயக்க மருந்துக்கும் உறவு பழையது. 1846இல் பாஸ்டன் நகரில் ஈதரின் ஆற்றல் உலகறிய மெய்ப்பிக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சிலேயே கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அது கையாளப்பட்டது. வலியை வென்ற அக்கலை, குளிரை வெல்லப் பின்னரே கற்றது.

மயக்க மருந்து தோலருகேயுள்ள குருதிக் குழாய்களை விரியச் செய்கிறது. உள்ளுறுப்புகளின் சூடு கைகால்களுக்குப் பரவி வெளியேறுகிறது. உடற்சூட்டைக் காக்கும் மூளையின் காவலும் தளர்கிறது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு பெரியவரினும் மிகுதியாதலால், அதன் சூடு விரைந்து குறையும். உள்வெப்பம் 36 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கினால் குருதி உறைவது தாமதமாகும், விழிப்பும் தாமதமாகும். நடுக்கமோ உயிர்வளித் தேவையைப் பெருக்கும். பிறந்து சில மாதமே ஆன சிசுவுக்கு நடுங்கவும் தெரியாது. அதன் குளிரைத் தொட்டும் அளந்துமே அறியவேண்டும்.

எங்கள் வீட்டு ஐந்து வயதுச் சிறுவனுக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது, மயக்கம் தெளிகையில் அவன் பற்கள் அடித்துக்கொள்ள நடுங்கினான். வெந்நீர்ப் பை வைக்கலாமா என்று எங்கள் ஆச்சி கேட்டார். "வேண்டாம் மாசிமா, அரைமயக்கத்தில் சுடுவது தெரியாது, தோல் வெந்துவிடும்" என்றார் வங்காளச் செவிலி. ஈரத்துணியை அகற்றினார், வெப்பக் காற்று ஊதும் போர்வையால் மூடினார், தலைக்குக் குல்லா அணிவித்தார். மூச்சும் நிறமும் தெரியும்படி முகத்தை மட்டும் திறந்துவைத்தார். சிறு குளிருக்கும் குரங்குக் குல்லா அணியும் வங்காளிகளைக் கண்டு நகைப்பவர்கள் நாம். மழலையின் தலை உடலோடு ஒப்பிடப் பெரிது, அதன்வழிச் சூடு மிகுதியாய்க் கழியும் என்பதை அறிந்தால் அந்நகைப்பு அடங்கும்.

அரைமயக்கத்தில் குழந்தை பேசுவது தாய்மொழியே. "குளிருது" என்று அவன் முனகியதை எங்களில் ஒருவர் "ஷீத் கொர்ச்சே" என்று செவிலிக்குச் சொன்னோம். அயல்மண்ணில் பெற்றோர் குழந்தைக்குப் போர்த்தும் முதற்போர்வை அந்த மொழிபெயர்ப்பே. அறுவைக்கு முன் சூடு காக்கும் ஏற்பாட்டைக் கேட்டறிவோம். உலர்ந்த மாற்றுடையும் குல்லாவும் எடுத்துச்செல்வோம். வங்காளத்தில் அவ்விரு சொற்களையும் கற்றுவைப்போம்.