முன்பக்கம் கரும்பு, பின்பக்கம் கையெழுத்து

மார்கழி பாதி கழிந்ததும் பெட்டிக்கடை வாசல்களில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்ட காலம் ஒன்று இருந்தது. கரும்பு, பானை, கொம்பில் வண்ணம் பூசிய காளை, எம்.ஜி.ஆர்., சிவாஜி, பிறகு ரஜினி, கமல். பெரும்பாலும் சிவகாசி அச்சு. உறையை ஒட்டாமல் மூடியை உள்ளே செருகி அனுப்பினால் குறைந்த தபால்தலை போதும். அப்படி வந்து சேர்ந்தவை சில நாள் அலமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் நின்றுவிட்டு டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். எங்கள் வீட்டில் அவற்றை யாரும் எறிந்ததில்லை.

அவற்றைப் பண்டிகைக்கு வெளியே எடுத்து, சுவரில் ஒரு துணி மாட்டி, அதில் அடுக்கிவைக்க ஆசைப்பட்டேன். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றையும் சேர்த்துத் தைக்கும் க்வில்ட் வேலையில் இப்படி ஒரு வகை உண்டு. அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் அட்டைகளுக்காக அதைத் தைக்கிறார்கள். கிறிஸ்துமஸ் அட்டைக்கும் நம் பொங்கல் அட்டைக்கும் பிறப்பு ஒரே இடத்தில்தான்: மலிவான தபாலில். 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் வந்தது. அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் ஒருவரான ஹென்றி கோல்தான் 1843இல் ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு முதல் கிறிஸ்துமஸ் அட்டையை வரையச் செய்து விற்றார்.

அட்டைகளைத் துணியில் ஒட்டிவிடலாமா, நான்கு மூலையிலும் தையல் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சித்தி வந்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டிப்புடாதம்மா. பின்னால எழுதியிருக்கிறத அப்புறம் எப்படிப் படிக்கிறது?" என்றார்.

அந்த ஒரு கேள்விதான் மொத்த வடிவத்தையும் தீர்மானித்தது. முன்பக்கத்துக் காளையும் சூரியனும் ஆயிரம் வீடுகளுக்குப் போனவை. பின்பக்கம் எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்தது. "நெல் அறுப்பு முடிந்தது, செவலையை விற்றுவிட்டோம்" என்று பெரியப்பா ஓரத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறார். விடுதித் தோழி ஒருத்தி தேர்வு முடிவை மட்டும் எழுதிப் பெயர் போடாமல் அனுப்பியிருக்கிறாள். ஆகவே அட்டை துணியில் நிற்க வேண்டும். கை நீட்டினால் சிரமமின்றி வெளியே வரவும் வேண்டும்.

துணிக்கு வெளியே போகவில்லை. கிழியத் தொடங்கிய கண்டாங்கிச் சேலைகள் இரண்டு இருந்தன. இந்த வேலைக்கு அதைவிட நல்ல துணி எனக்குத் தெரியாது: கட்டங்களே அளவுகோலாகிவிடும், கோட்டின்மேல் வெட்டலாம், கோட்டின்மேலேயே தைக்கலாம். பழந்துணியை அடுக்கித் தைப்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. வங்கப் பெண்கள் நைந்த சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூல் உருவி ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா செய்தார்கள். வட கர்நாடகத்தில் அதற்குக் கவுதி என்று பெயர். நம் கோயில் தேர்களில் ஆடும் தொம்பைகளும் வெட்டிய துணியைத் துணிமேல் வைத்துத் தைத்தவைதான். அந்த நினைப்பில் சூரியனும் கரும்பும் வெட்டித் தைக்கத் தோன்றியது, செய்யவில்லை. அட்டைகளிலேயே அவை போதுமான அளவு இருக்கின்றன. பின்னணி அடங்கி இருந்தால்தான் அட்டை தெரியும்.

நடுவில் வைத்தது பழைய பருத்திப் போர்வை. மூன்றையும் முன்கூட்டியே துவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று சுருங்கி மற்றது சுருங்காமல் துணி முழுவதும் குமிழ் விழும். தரையில் விரித்து, சுருக்கம் நீவி, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்தி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்தேன். இந்த மூன்றடுக்கு அலங்காரத்துக்கு மட்டுமல்ல. ஒற்றைத் துணியாக இருந்தால் அட்டைகளின் கனத்தில் பைகள் வாய் திறந்து தொங்கும்.

பைகளை அதன்மேல் தனியாகத்தான் வைக்க வேண்டும். முதலிலேயே வைத்தால் க்வில்ட் தையல் பையின் வாயையும் மூடிவிடும். ஆறு அங்குல அகலப் பட்டியை இரண்டாக மடித்து, மடிப்பு கீழே பார்க்கும்படி வைத்து, வெட்டிய ஓரத்தில் அரை அங்குலம் விட்டுத் தைத்து, பிறகு மேலே புரட்டி இஸ்திரி போட்டேன். பிசிறு உள்ளே மறைந்து, மடிப்பு பையின் வாயாகிவிட்டது. ஆழம் இரண்டரை அங்குலம். ஏழு அங்குல அட்டையில் நாலரை வெளியே தெரியும். பிடித்து இழுக்க அது தாராளம். வரிசைக்கு வரிசை ஐந்து அங்குல இடைவெளி விட்டதால், கீழ் அட்டையின் தலை மேல் பையின் வாயை மறைக்காது. பட்டி தொய்யாமல் இருக்க இடையிடையே செங்குத்தாகவும் தையல் ஓட்டி, நாலு ஓரமும் கிராஸ் பட்டி கட்டினேன்.

தெரிந்த தையல்காரர் ஒருவர், பிளாஸ்டிக் ஷீட்டில் பை வைத்தால் அட்டை முழுதாகத் தெரியுமே என்றார். தெரியும்தான். ஆனால் நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் பழைய அச்சு மை பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் படம் அதோடு உரிந்து வரும். துணிக்கு அந்தக் குணம் இல்லை. மூன்றில் ஒரு பங்கு மறைந்தால் மறையட்டும்.

பின்புறம் மேலே நான்கு அங்குலக் குழல் ஒன்றைத் தைத்துக் கர்ட்டன் கம்பியை நுழைத்து மாட்டினேன். வெயில் நேராக விழாத சுவராகப் பார்த்தேன்; சாயமும் மையும் வெளுப்பது வெயிலில்தான்.

பொங்கலன்று வந்தவர்கள் முதலில் தள்ளி நின்று பார்த்தார்கள். "எடுத்துப் படிங்க" என்றதும் ஆளுக்கொன்று உருவினார்கள். செவலையை விற்ற வருஷம் எது என்று மாமாவுக்கும் சித்திக்கும் வாக்குவாதம். "உறையில தபால் முத்திரை இருக்குமே, அதைக் கொண்டா" என்றார் மாமா. உறைகளும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கின்றன. அடுத்த பொங்கலுக்குள் ஒவ்வொரு அட்டையையும் அதனதன் உறையோடு சேர்த்து வைக்க வேண்டும். இரண்டரை அங்குல ஆழம் இரண்டையும் தாங்கும்.