படுத்த கோடு

1990இல் வேலணையை விட்டு இடம்பெயர்ந்தபோது என் மகளுக்கு இரண்டு வயது. அந்த நாட்களில் அவளின் நிறையை யார் பார்த்தார்கள்? இப்போது அவளுடைய மகளின் வளர்ச்சிப் பதிவேட்டைக் காணி உறுதியோடு பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்.

ஒன்பதாம் மாதத்தில் பேத்தி 8.2 கிலோ. பன்னிரண்டாம் மாதத்திலும் அதே 8.2. அந்த வயதுப் பெண்பிள்ளைக்கு நடுக்கோடு 8.9, குறைநிறைக் கோடு 7.0. “கோட்டுக்கு மேலைதானே நிற்கிறாள்” என்றார்கள் அயலவர்கள். குடும்பநல உத்தியோகத்தர் அப்படி விடவில்லை. மூன்று மாதமாகக் கோடு ஏன் படுத்திருக்கிறது என்று கேட்டார். இரண்டு தடவை வயிற்றோட்டம் வந்து, பிள்ளை சாப்பாட்டை வெறுத்திருந்தது. தாய்ப்பாலோடு குழைத்த சோறு, பருப்பு, மீன், ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். சுகமானபின் இரண்டு கிழமைக்குத் தினமும் ஒருவேளை கூடுதலாக என்றார்.

பக்கத்து வீட்டுச் சின்னவளுக்கும் ஒரு வயது, 7.6 கிலோதான். பிறக்கும்போதே சிறியவள், ஆனால் மாதாமாதம் கோடுகளோடு சேர்ந்து ஏறுகிறாள். அவளின் தாயிடம் “பால் காணாது” என்று சொல்லிக் கரைச்சல் கொடுக்காதீர்கள், சகோதரிகளே.

இவை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அளவு என்பாரும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட இந்தக் கோடுகளுக்காக இந்தியா, ஓமான், கானா உட்பட 6 நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை நிறுத்திருக்கிறார்கள்.

அடுத்த கிளினிக்கில் பேத்தி 8.5.