எல்லாப் பூட்டுக்கும் ஒரு திறப்பு

எமது வீட்டிலே படலைக்கு ஒரு திறப்பு, முன்கதவுக்கு ஒரு திறப்பு, அலுமாரிக்கு ஒரு திறப்பு என்று ஒரு கோவை திறப்புகள் உண்டு. இவை அனைத்துக்கும் பதிலாக ஒன்றையே வைத்துக்கொள்ளலாமே என்று எவரேனும் எமக்குப் புத்தி கூறியிருப்பின், அவரைப் பார்த்து நகைத்திருப்போம். ஆயினும் கணனியில் நாம் பத்து ஆண்டுகளுக்கு மேலாக அதனையே செய்துவந்தோம் என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

எமது கடவுச்சொல் காலஞ்சென்ற எம் தந்தையாரின் பெயரும், அவர் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. காலையில் எழுந்து மின்னஞ்சலைத் திறக்கும்போது அப்பெயரைத் தட்டெழுதுவது எமக்கு ஒரு வணக்கம் போலவே இருந்தது. மின்கட்டணம் செலுத்தும் இடத்திலும், நூல் வாங்கும் இடத்திலும் அதே சொல்தான். வங்கி மட்டும் குறியீடு ஒன்றும் சேர்க்கவேண்டுமென வற்புறுத்தியதால், அங்கே வேறொரு சொல்லை வைத்தோம். அது எம் அறிவினாலன்று, நற்பேற்றினால் நிகழ்ந்தது.

ஒருநாள் நூல் விற்கும் அந்த இணையத்தளத்திலிருந்து கடிதமொன்று வந்தது. தமது வாடிக்கையாளர் பதிவேடு களவு போய்விட்டதெனவும், கடவுச்சொல்லை உடனே மாற்றுமாறும் அதில் எழுதியிருந்தனர். நாம் அதனைப் படித்தோம். அங்கே நாம் வாங்கியவை நான்கு இலக்கண நூல்களே; திருடன் அவற்றை அறிந்து என்ன செய்யப் போகின்றான் என்று எண்ணி, விடைத்தாள் திருத்தும் வேலையில் ஆழ்ந்துவிட்டோம்.

மூன்று வாரங்களின் பின், மாலை வேளையில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் எம்மிடம் முன்னர் கற்ற மாணவர். இப்பொழுது சைக்கிள் திருத்தும் கடையொன்றை நடத்துபவர்.

"சேர், ஒப்பரேசன் முடிஞ்சுதோ? காசு வந்து சேர்ந்ததோ?" என்றார்.

"எந்தக் காசு?" என்றோம்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

எமது மின்னஞ்சலிலிருந்து 42 பேருக்கு ஒரே கடிதம் சென்றிருந்தது. நாம் மருத்துவமனையிற் கிடப்பதாகவும், அவசரமாகப் பணம் தேவையெனவும், குறித்ததொரு கணக்கில் இடுமாறும் அது வேண்டியது. பலர் ஐயுற்று வாளாவிருந்தனர். இவரோ அன்றே கடையைப் பூட்டிவிட்டுச் சென்று 20,000 ரூபாயைச் செலுத்தியிருந்தார். வகுப்பிலே கணக்கில் தவறு விட்டாலும் எம் சொல்லில் ஒருபோதும் ஐயம் கொள்ளாத பிள்ளை அவர்.

பல்கலைக்கழகத்திற் கணனி விஞ்ஞானம் பயிலும் எம் மகள், நிகழ்ந்தது யாதென அன்றிரவு விளக்கினாள். ஒழுங்கான தளங்கள் எமது சொல்லை உள்ளபடி எழுதி வைப்பதில்லை. கணித முறையொன்றால் அதனை அரைத்து, அந்த மாவையே பதிந்து வைக்கும். மாவிலிருந்து நெல்லை மீட்டெடுக்க இயலாது. ஆனால் திருடர் ஊரிலுள்ள பெயர்களையும் ஆண்டுகளையும் ஒவ்வொன்றாகத் தாமும் அரைத்து, களவாடிய மாவுடன் ஒப்பிட்டுப் பார்ப்பர். கணனிக்கு அது மிகச் சிறிய வேலை. பின்னர், கிடைத்த சொல்லை மின்னஞ்சல் முதலாகக் கண்ட பூட்டுகளிலெல்லாம் போட்டுப் பார்ப்பர். எம் பூட்டுகளோ யாவும் அதற்குத் திறந்தன.

இத்தொல்லை புதியதன்று. 1979ஆம் ஆண்டிலேயே றொபேட் மொறிஸ், கென் தொம்சன் என்னும் இருவர், ஒவ்வொருவர் சொல்லுடனும் வெவ்வேறு எழுமாற்று எண்ணைச் சேர்த்து அரைக்கும் முறையை எழுதி வெளியிட்டனர். அதற்கு 'உப்பு' என்று பெயர். அவ்வாறிருந்தும், 2012இல் லிங்க்டின் நிறுவனத்திலிருந்து களவுபோன சொற்கள் உப்பிடாதவையாகவே இருந்தன. அவ்வாண்டு வெளிவந்தவை ஏறத்தாழ 65 இலட்சம். 2016இல் அக்களவிற் சேர்ந்த 10 கோடிக்கு மேற்பட்டவை விற்பனைக்கு வந்தன. 2009இல் றொக்யூ என்னும் நிறுவனம் 3 கோடி 20 இலட்சம் சொற்களை அரைக்காமலே வைத்திருந்து இழந்தது. அவற்றுள் மிகப் பலர் வைத்திருந்த சொல் 123456.

"பிழை அவர்களுடையதுதானே?" என்று கேட்டோம்.

"களவு குடுத்தது அவையள், அப்பா. ஆனால் ஒரே திறப்பை எல்லா இடத்திலும் குடுத்தது நீங்களெல்லோ?" என்றாள் மகள். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

அடுத்த நாளே பணத்துடன் அம்மாணவரின் கடைக்குச் சென்றோம். அவர் வாங்க மறுத்தார். "நீங்கள் சுகமாயிருக்கிறியள், அது போதும் சேர்" என்றார். வெகுநேரம் வற்புறுத்தியபின், எண்ணெய் படிந்த கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். ஆயினும் இனி எம் பெயரில் உண்மையாகவே ஒரு கடிதம் சென்றால், அவர் மனம் ஒரு கணம் தயங்கும் அன்றோ! திருடன் கொண்டுபோன பொருள் அதுதான். அதனைத் திருப்பிக் கொடுக்க எம்மால் இயலவில்லை.

இப்பொழுது எமது வீட்டில் புதிய முறை நிலவுகின்றது. இடத்துக்கொரு சொல், ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்த நீண்ட தொடர். பெயரும் பிறந்த ஆண்டும் அறவே கூடா. மற்றப் பூட்டுகளின் திறப்பெல்லாம் மின்னஞ்சல் வழியாகவே மீளப் பெறப்படுவதால், அதற்குக் காவல் இரட்டிப்பு: சொல்லுடன், கைத்தொலைபேசியில் வரும் இலக்கமும் வேண்டும். அவ்விலக்கத்தை எவர் கேட்டாலும் கூறுவதில்லை. மகள் தன் சொற்களைக் கணனியிலுள்ள பெட்டகமொன்றிற் காக்கின்றாள். நாம் ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியிற் பூட்டியுள்ளோம். தொலைவிலுள்ள திருடனின் கை அந்த அலுமாரிக்கு எட்டாது. களவு போயிற்று என்று எந்தத் தளம் அறிவித்தாலும், அன்றே சொல்லை மாற்றிவிடுகின்றோம்.

தந்தையாரின் பெயரை மாற்றிய அன்று, எதையோ கைவிட்டாற்போல மனம் கனத்தது. மனைவி அதனைக் கண்டு, "அவரின்ரை பேரைக் களவெடுக்கிறவன்ரை வாயிலை விடாமல், சாமியறையிலை சொல்லுங்கோவன்" என்றாள். இப்பொழுது காலையில் விளக்கேற்றியபின் அவர் பெயரைச் சொல்லுகின்றோம். கணனியை அதன் பின்னரே திறக்கின்றோம்.